கரண்ட் போனபோது கண்ணாடியில் இருந்த அட்டை

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, அந்த நாளையிலை இன்டர்நெட் கூட ஒழுங்கா இல்லை, எப்பிடி இதெல்லாம் இன்ஸ்டோல் பண்ணினனீங்கள்?" ஏதோ நான் தனியாளாக நின்று குளம் வெட்டியவள் மாதிரிக் கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பார்கள். நானும் கொஞ்ச நேரம் அந்தப் பெருமையை அனுபவிப்பேன், பொய் சொல்லக் கூடாது. பிறகு உண்மையைச் சொல்லிவிடுவேன். மென்பொருளை நிறுவுவது பெரிய வித்தையல்ல. திரையில் வருவதை வாசிக்கப் பொறுமை இருந்தால் எவரும் செய்யலாம். நீங்கள் வாசிக்காமலே 'அடுத்து, அடுத்து' என்று அழுத்துகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி இன்னொரு நாள் ஏசுகிறேன்.

இன்று சொல்லப்போவது வேறு. நிறுவும்போது ஒரு சின்னப் பெட்டியில் சரி என்று ஒரு அடையாளம் போடுவோம். அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் அது சரியாகத்தான் தெரியும். ஒரு வருடம் கழித்து, அந்த அறையில் இல்லாத ஒருவர் வந்து கதவடியில் நிற்பார். எனக்கு அப்படி ஒரு பகல் வந்தது. இருபது வருடம் ஆகிறது.

போர் நின்றிருந்த சமாதான காலம். வவுனியாவில் நான் கணினி திருத்துவதும் நிறுவுவதுமாக அலுவலகம் அலுவலகமாகத் திரிந்த நாட்கள். அங்கே சிறுவர் போசாக்குக்கான ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. முல்லைத்தீவுக் கரையோரத்துப் பாலர்களை மாதம் ஒருமுறை நிறுத்து, எடை குறைந்தவர்களுக்குச் சத்துமா கொடுப்பது அவர்களின் வேலை. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தடித்த மட்டையில் ஒரு அட்டை. பெயர், பிறந்த திகதி, மாதாமாதம் எடை, போட்ட ஊசி, மூலையில் பாஸ்போட் அளவில் ஒரு படம். அட்டைகள் முல்லைத்தீவில் கடற்கரைக்குப் பக்கத்திலிருந்த அவர்களின் நிலையத்தில் இருக்கும். கணக்குக் காட்ட வேண்டியதோ வவுனியா அலுவலகம். ஒரு அட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போய் எடுத்துவர வேண்டும். அந்த அலைச்சலை ஒழிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அங்கே இருந்தது ஒரேயொரு மேசைக்கணினி. காசு கொடுத்து வாங்குகிற மென்பொருளுக்கு அவர்களிடம் வழியில்லை. கொழும்பில் ஒரு நண்பர் இலவசமான திறமூல ஆவண முகாமை மென்பொருள் ஒன்றை சீடியில் எழுதி அனுப்பினார். அட்டைகளை ஸ்கான் பண்ணி அதற்குள் போட்டுவிட்டால் பெயரை அடித்தோ கிராமத்தை அடித்தோ தேடி எடுக்கலாம். பெரிய இயந்திரங்களுக்கென்று எழுதிய சாமானை அந்தக் கிழட்டு மேசைக்கணினியில் குடியேற்றப் பட்ட பாட்டை விட்டுவிடுகிறேன். ஒருவழியாக அது எழும்பி நின்றது.

அப்போதுதான் அந்தச் சின்னப் பெட்டி வந்தது. எந்த முறையில் ஸ்கான் பண்ணுவது? நிறமா, சாம்பலா, வெறும் கறுப்பு வெள்ளையா?

அறையில் மூன்று பேர் இருந்தோம். நிறுவனத்தின் இணைப்பாளர், முன்பு ஆங்கிலம் படிப்பித்தவர், நாங்கள் மேடம் என்போம். ஸ்கான் பண்ணப்போகிற சுகந்தி. நான். மூன்று முறையிலும் ஒரு அட்டையை எடுத்துப் பார்த்தோம். நிறத்தில் எடுத்தால் ஒரு அட்டைக்கே தேநீர் குடித்துவிட்டு வரலாம், வன்தட்டில் இருக்கிற இடம் பாதி அட்டைகளுக்குக் கூடக் காணாது. கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது எழுத்துகள் அச்சடித்த மாதிரி வந்தன. பென்சிலால் எழுதிய எடை கூடத் தெளிவு. மேடம் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைக் கிட்ட வந்து பார்த்தார்.

"எழுத்து வாசிச்சாக் காணும். எங்களுக்கு எடைதானே வேணும்" என்றார்.

மூலையில் இருந்த படம் மட்டும் ஒரு கறுப்புத் திட்டாக வந்திருந்தது. அதைப் பார்த்த சுகந்தி, "பாவம், ஆள் சட்டிக்கரி பூசின மாதிரி நிக்கிறார்" என்றாள். மூவரும் சிரித்தோம். நல்லாகவே சிரித்தோம். கறுப்பு வெள்ளை என்ற பெட்டியில் அடையாளம் போட்டு வேலையைத் தொடங்கினோம். அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சுகந்தியின் பாடு. அட்டைகள் கட்டுக் கட்டாக வரும், இரண்டு மூன்று நாளில் ஸ்கான் பண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும், ஏனென்றால் அடுத்த மாத எடையை அதே அட்டையில்தான் எழுத வேண்டும். வவுனியாவில் அப்போது கரண்ட் நினைத்த நேரம் போகும். கணினிக்கு இருந்த யூபிஎஸ் எப்போதோ செத்து, சும்மா ஒரு கறுப்புப் பெட்டியாகக் காலடியில் கிடந்தது. புதிது வாங்க மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, மேலிடம் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் ஸ்கானரின் கண்ணாடியில் இருக்கிற அட்டையை முதலிலிருந்து எடுக்க வேண்டும். சுகந்தி மின்சார சபையை மூன்று தலைமுறைக்குத் திட்டுவாள். ஆனால் வேலையில் பிழை விடமாட்டாள். அந்த வருடம் ஆவணி புரட்டாதிக்குள் எல்லா அட்டையும் உள்ளே போய்விட்டது. பெயரை அடித்தால் அட்டை வந்தது. மேடம் வருகிற வெளிநாட்டுக்காரருக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

மார்கழியில் கடல் வந்தது.

அதை நான் விவரிக்கப் போவதில்லை. உங்களில் பாதிப் பேரின் வீட்டில் அந்தக் கதை இருக்கிறது. நிலையம் இருந்த இடத்தில் சீமெந்து நிலம் மட்டும் மிஞ்சியது. அட்டைகள் போயின. அட்டைக்குரிய பிள்ளைகள் பலரும் போனார்கள்.

தையில் ஒரு நாள் மேடம் அழைப்பு எடுத்தார். கணினி இழுத்து இழுத்து வேலை செய்கிறது, வன்தட்டில் இடமில்லை என்று கத்துகிறது, நிவாரண வேலை எல்லாம் நிற்கிறது, உடனே வாங்கோ என்றார். போனேன். பார்த்தால் தேவையில்லாத தற்காலிகக் கோப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. துப்புரவாக்கும் நிரலைத் திறந்தேன். எதை அழிக்கலாம் என்று அது பட்டியல் போட்டு, 'இந்தக் கோப்புகளை நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்டது. மவுஸ் என்கிற சுண்டெலியைக் கையில் வைத்திருக்கிறேன், விரல் பொத்தானில் இருக்கிறது. அந்த நேரம்தான் வெளியே குரல் கேட்டது. எழும்பிப் போனேன்.

கதவடியில் ஒரு பெண் நின்றார். முப்பது வயது இருக்கும். நெற்றியில் தையல் போட்ட காயம் இன்னும் சிவப்பாக இருந்தது. யாரோ கொடுத்த பெரிய சட்டை, யாரோ கொடுத்த செருப்பு. பெயர் ஜெசிந்தா என்றார். முல்லைத்தீவுக் கரையில் வீடு. இப்போது தண்ணீரூற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறாராம். விடிய வெளிக்கிட்டு, பஸ் மாறி, ஓமந்தையில் வரிசையில் நின்று, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். மேடம் கதிரையை இழுத்துப் போட்டார். அவர் அதில் இருக்கவில்லை, நின்றபடியே பேசினார்.

"போன வருசம் பிள்ளையளின்ரை கிளினிக் காட் எல்லாம் கொம்பியூட்டருக்கை ஏத்தினதெண்டு சென்ரர் ரீச்சர் அப்ப சொன்னவா. அந்தக் காட்டிலை என்ரை மகன்ரை படம் ஒட்டியிருந்தது. டிலக்சன். நாலு வயசு. அந்தப் படம் வேணும், மேடம்."

நாங்கள் தயங்குவதைப் பார்த்து, தான் சரியாக விளக்கவில்லை என்று நினைத்தார் போல. இன்னும் நிதானமாகச் சொன்னார்.

"வேறை படம் ஒண்டும் இல்லை. வீட்டோடை எல்லாம் போச்சுது. அண்டைக்கு எனக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியிலை கிடந்தனான். நினைவு வரேக்குள்ளை அவனை மண்ணுக்கை தாட்டுப்போட்டினம். நான் பாக்கேல்லை. வாற கிழமை அவன் போய் முப்பத்தொண்டாம் நாள். காம்பிலை எல்லாரும் தங்கடை ஆக்களின்ரை படம் வைச்சு மெழுகுதிரி கொளுத்தப் போகினம். எனக்கு வைக்கிறதுக்கு ஒண்டும் இல்லை."

கொஞ்சம் நிறுத்தினார். பிறகு குரலைக் குறைத்து, மேடத்துக்கு மட்டும் சொல்வது போல, "முகம் மறந்து போகுது, மேடம். கண்ணை மூடினால் அவன் போட்டிருந்த சட்டை வருது. முகம் வரேல்லை. நான் தாய், எனக்கு வரேல்லை" என்றார்.

சுகந்தியைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே விஷயம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. சட்டிக்கரி.

மேடம் என்னை முன்விறாந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாழ்நாளில் அவர் பொய் சொல்லி நான் கண்டதில்லை. அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுவது மாதிரிச் சொன்னார்.

"காட்டாதேங்கோ. கொம்பியூட்டர் பழுது, பிறகு அறிவிக்கிறம் எண்டு சொல்லி அனுப்புவம். இந்த நிலையிலை அவாக்கு அதைக் காட்டினால் தாங்குவாவோ?"

பிள்ளைகளே, எங்கள் வேலையில் இந்த வசனத்தை எத்தனை தரம் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள் என்று போகப் போகக் காண்பீர்கள். கணினி பழுது. அதைப் போல வசதியான பொய் கிடையாது, எவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள், பழியைச் சுமக்க ஒரு பெட்டி இருக்கிறது. எனக்கும் அன்று அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அடுத்த கணம் ஒன்று தோன்றியது. பழுது என்றால் திருத்தலாம் என்று அர்த்தம்.

"பழுதெண்டு சொன்னால் அவா திரும்பி வருவா, மேடம். நாளைக்கும் வருவா, முப்பத்தொண்டு முடிஞ்ச பிறகும் வருவா. ஒவ்வொரு முறையும் ஓமந்தையிலை நிண்டு வருவா. நாங்கள் எத்தினை தரம் சொல்லப் போறம்?"

மேடம் கையை விட்டார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தானே உள்ளே போய்ச் சொன்னார். படம் வடிவாக இல்லை பிள்ளை, நாங்கள் எழுத்துக்காக எடுத்தது, என்றாலும் பாருங்கோ என்றார். நான் பெயரை அடித்தேன். மென்பொருள் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது. கண் மூடித் திறப்பதற்குள் அட்டை திரையில் வந்தது. திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

ஜெசிந்தா குனிந்து பார்த்தார். மூலையைப் பார்த்தார். ஒரு கறுப்புத் திட்டு, அதற்குள் நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு கீற்று. கண் இல்லை, வாய் இல்லை.

"இதென்ன? எரிஞ்சு போச்சோ?"

இல்லை என்று விளக்கினேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. இடம் காணாது என்றேன், எழுத்து என்றேன், முறை என்றேன் என்று நினைக்கிறேன். நான் பேசுவது எனக்கே கேட்கக் கூசியது. அவர் என்னைக் கவனிக்கவில்லை. விரலைத் திரையில் வைத்து, ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு போனார். சித்திரை எடை. வைகாசி எடை. ஆனியில் கொஞ்சம் குறைவு, அந்த மாதம் காய்ச்சல் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"எழுத்தெல்லாம் நல்ல வடிவா இருக்குது" என்றார்.

குத்திக்காட்டவில்லை. உண்மையாகத்தான் சொன்னார். எனக்கு அந்த இடத்தில் நிலம் பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது. எங்கள் முடிவில் பிழை எது என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் காட்ட முடியாது. இருந்த வன்தட்டுக்கு, இருந்த நேரத்துக்கு, இருந்த தேவைக்கு அது சரியான முடிவுதான். ஆனால் அந்த அறையில் அன்று ஒரு தாய் இருந்திருந்தால், மூலையில் இருக்கிற கறுப்பைப் பார்த்து எங்களோடு சேர்ந்து சிரித்திருப்பாரா? அதற்குப் பிறகு நான் எங்கே எந்த ஆவண மென்பொருளை நிறுவப் போனாலும், அலுவலகக்காரரிடம் எல்லாம் கேட்டு முடித்த பிறகு, அந்த ஆவணத்துக்கு உரியவர் யாரையாவது ஒருவரைக் கூப்பிட்டு இருத்தி ஒன்றைக் கேட்பேன். இந்தக் கடதாசி நாளைக்கு இல்லாமல் போனால், இதில் எதைத் தேடி வருவீங்கள்? என்னைக் கிறுக்கி என்று நினைத்தவர்கள் உண்டு. பரவாயில்லை, நீங்களும் கேளுங்கள்.

மேடம் ஜெசிந்தாவை மெல்லக் குசினிப் பக்கம் கூட்டிப் போனார், தேத்தண்ணி குடிக்கட்டும் என்று. நான் கதிரையில் தொப்பென்று இருந்தேன். அட்டை இருந்த சாளரத்தை மூடினேன். அதற்குப் பின்னால் நான் முதலில் திறந்துவைத்த துப்புரவு நிரல் அப்படியே நின்றது. 'நிரந்தரமாக அழிக்கவா?'

வெறுமனே அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தற்காலிகக் கோப்புகள். இவ்வளவு எங்கிருந்து வந்தன? சட்டென்று ஒன்று உறைத்தது.

"சுகந்தி, நீர் ஸ்கான் பண்ணேக்குள்ளை முதல்லை ஒருக்கால் சும்மா எடுத்துப் பாப்பீர் என்ன? மட்டை நேரா இருக்கோ எண்டு?"

"ஓம் அக்கா. ஒவ்வொண்டுக்கும் பாப்பன். இல்லாட்டிச் சரிஞ்சு வரும்."

"அது கலரிலையோ வாறது?"

அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உங்களுக்குச் சொல்கிறேன். அந்த ஸ்கானர் உண்மையான பிரதியை எடுக்குமுன் வெள்ளோட்டமாக முழு அட்டையையும் ஒரு படமாக நிறத்தில் எடுத்துக் காட்டும். அதை ஒரு மூலையில் தற்காலிகமாக வைத்திருந்து, அடுத்த அட்டை வந்ததும் தானே அழித்துவிடும். ஒழுங்காக வேலை நடந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் வெள்ளோட்டம் முடிந்து நிற்கும்போது கரண்ட் போனால்? அழிப்பதற்கு நிரல் உயிரோடு இராது. அந்தப் படம் அநாதையாக அங்கேயே கிடக்கும். சுகந்தி திட்டித் தீர்த்த ஒவ்வொரு கரண்ட் வெட்டுக்கும் ஒரு முகம் அந்தக் குப்பைக்குள் இருக்கலாம். அந்தக் குப்பையைத்தான் நான் கொஞ்சம் முந்தி அழிக்கப் போனேன். இன்னும் ஒரு நிமிடம் பிந்தி அந்தப் பெண் வந்திருந்தால் அழித்து முடித்திருப்பேன்.

துப்புரவு நிரலில் 'வேண்டாம்' என்பதை அழுத்தினேன். சுண்டெலி வழுக்கியது, இரண்டாம் முறைதான் சரியாகப் பட்டது.

இப்போது இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொல்வதா, முதலில் நாங்கள் பார்ப்பதா? சுகந்தி எழும்பி ஓடப் பார்த்தாள். நான் அவளின் கையைப் பிடித்து இருத்தினேன். ஒருமுறை அவரின் நெஞ்சில் அடித்துவிட்டோம், இருக்கோ இல்லையோ என்று தெரியாமல் இன்னொரு முறை நம்பிக்கை கொடுக்கக் கூடாது என்றேன். கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தோம். முதலாவது பாதியில் அறுந்து வெறும் சாம்பலாக இருந்தது. இரண்டாவது ஒரு பொடியன். நல்ல நிறத்தில், எண்ணெய் வைத்து இழுத்த தலை, பொட்டு. பெயரைப் பார்த்தோம், கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஊர்ப் பிள்ளை, கடல் அவ்வளவு தூரம் போகவில்லை, உயிரோடு இருக்கிறான். இன்னொன்று, அதுவும் உள்பக்கத்து ஊர்ப் பிள்ளை. அடுத்தது வெறுமை. முகம் வரும்போதெல்லாம் சுகந்தியின் மூச்சு நிற்கும், பெயரை வாசித்ததும் விடுவாள்.

கடைசியில் ஒரு பெண்பிள்ளை. இரட்டைப் பின்னல், சிவப்பு நாடா, முன்பல் ஒன்று இல்லை. படம் எடுப்பவன் ஏதோ பகிடி சொல்லியிருக்க வேண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறாள். அட்டையில் இருந்த முகவரி, டிலக்சனின் அட்டையில் பார்த்த அதே ஒழுங்கை, அதே சின்னத் தெரு.

திகதியைப் பார்த்தேன். பிறகு டிலக்சனின் அட்டை எப்போது உள்ளே போனது என்று மென்பொருளில் பார்த்தேன். ஒரே நாள். ஒரே காலை. அவனுடையது சில நிமிடம் முந்தி.

சுகந்தி திரையைப் பார்த்தபடி உறைந்துபோய் இருந்தாள். அட்டைகளை அவள் வீட்டு ஒழுங்குப்படிதான் அடுக்கி வைத்து எடுப்பாள். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அடுத்தடுத்து வருவார்கள்.

"அக்கா, எனக்கு அண்டைக்கு ஞாபகம் இருக்குது" என்றாள் மெதுவாக. "கரண்ட் போகேக்குள்ளை நான் நினைச்சனான், நல்லவேளை முந்தின காட் ஏறீட்டுது எண்டு. சந்தோசப்பட்டனான்."

யாரை நோவது? ஒரு அட்டை பிந்திக் கரண்ட் போயிருக்கிறது, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்ல முடிகிற விஷயமா இது?

பின்னால் அரவம் கேட்டது. திரும்பினேன். ஜெசிந்தா தேத்தண்ணிக் கோப்பையோடு கதவடியில் நின்றார். மேடம் அவருக்குப் பின்னால். திரையை மறைக்க எனக்குத் தோன்றவில்லை.

"இது பவானியின்ரை மூத்தவள்" என்றார் ஜெசிந்தா. "நிறோஜா. எங்கடை பக்கத்து வீடு."

"பிள்ளை..." என்று மேடம் இழுத்தார்.

"இவளும் இல்லை, மேடம். அண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் விளையாடிக்கொண்டு நிண்டவை." கோப்பையை மேசையில் வைத்தார். "அப்ப என்ரை மகன்ரை படம்?"

இதற்கும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இந்த முறை மேடம் என்னைத் தடுக்கவில்லை. நான் சொன்னேன். கரண்ட் போனபோது கண்ணாடியில் இருந்த அட்டையின் படம் மட்டும் தப்பியிருக்கிறது, டிலக்சனின் அட்டை அதற்கு முந்தியது, கரண்ட் போகுமுன்பே உள்ளே ஏறிவிட்டது என்றேன்.

"ஒரு காட் முந்தியோ?"

"ஓம்."

அவர் நெடுநேரம் அந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆத்திரம் வந்ததை நான் கண்டேன். வரத்தானே வேணும்.

"கரண்ட் கொஞ்சம் முந்திப் போயிருக்கலாம்" என்றார்.

சுகந்தி உடைந்து அழத் தொடங்கினாள். மேடம் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெசிந்தாவின் கண்ணில் ஒரு துளி இல்லை. ஆத்திரம் வந்த மாதிரியே வடிந்து போனது. சட்டையின் கையை இழுத்து மடித்துக்கொண்டு, சந்தைக்கு வந்தவர் கேட்பது மாதிரிக் கேட்டார்.

"இதை அடிச்சுத் தருவியளோ? பவானி காம்பிலை எங்களோடைதான் இருக்கிறாள். ஒருத்தரோடையும் கதைக்கிறாளில்லை. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அலுவலகத்தில் நிறத்தில் அச்சடிக்கிற இயந்திரம் இல்லை. படத்தை ஒரு சீடியில் எழுதிக்கொண்டு நானும் ஜெசிந்தாவும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த ஸ்ரூடியோவுக்குப் போனோம். ஸ்ரூடியோக்காரர் தண்ணீரூற்றிலிருந்து முன்பு இடம்பெயர்ந்து வந்த முஸ்லிம் மனிதர், எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டுவிட்டு, வரிசையில் நின்றவர்களை விட்டு எங்கள் வேலையை முதலில் எடுத்தார். பெரிதாக்கும்போது தூசு, கீறல் எல்லாம் கவனமாக எடுத்தார். கழுவி வந்த படத்தைக் கையில் வாங்கி ஜெசிந்தா பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குப் பயமாக இருந்தது, எங்கே கிழித்துவிடுவாரோ என்று. உண்மையைச் சொன்னால், கிழித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"எத்தினை வேணும் தங்கச்சி?" என்று ஸ்ரூடியோக்காரர் கேட்டார்.

"ரெண்டு. ஒண்டு தாய்க்கு. ஒண்டு எனக்கு."

நான் ஜெசிந்தாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு திறந்தார்.

"இவளைப் பாக்க அவன் வாறான், அக்கா" என்றார். "வாயைக் கோணி, சொண்டை நெளிச்சுக்கொண்டு. அவள் சிரிச்சாள் எண்டால் இவன் அப்பிடித்தான் நெளிக்கிறவன். இப்ப வருது."

ஸ்ரூடியோக்காரர் படங்களை ஒட்டுவதற்குத் தடித்த மட்டை இரண்டை எடுத்தார். முதல் படத்தை நடுவில் வைத்து ஒட்டினார். இரண்டாவதை வைக்கப் போகும்போது ஜெசிந்தா கை நீட்டித் தடுத்தார்.

"இதை நடுவிலை ஒட்டாதேங்கோ நானா. ஒரு பக்கமா ஒட்டுங்கோ."

"ஏன் தங்கச்சி? மற்றப் பக்கம் வெறுமையா இருக்குமே."

"இருக்கட்டும். அவன் இவளுக்கு இந்தப் பக்கம்தான் நிக்கிறவன்."

ஸ்ரூடியோக்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் அந்த மட்டையை வைத்துவிட்டு அதைவிட அகலமான ஒன்றை எடுத்து, அடிமட்டத்தால் அளந்து கோடு போட்டு, படத்தை ஒரு கரைக்கு ஒட்டினார்.